துத்தநாகம் தேடப் போகும் அக்கா மகளுக்கு

என் முதல் துத்தநாகக் கண்டுபிடிப்பு ஒரு ஜி.ஐ. வாளிக்குள் இருந்தது.

ஓடை மணலைச் சலித்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தோம். ஏழு மாதிரிகளில் மட்டும் துத்தநாகம் அக்கம்பக்கத்தைவிட ஐந்து மடங்கு ஏறியிருந்தது. ஈயம் ஏறவில்லை, வெள்ளி ஏறவில்லை. அதையெல்லாம் யார் பார்த்தது? வரைபடத்தில் ஏழு சிவப்புப் புள்ளி வைத்து, மேலதிகாரியின் மேசையில் விரித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டார்: "அன்னிக்கு எந்த வாளி?" முகாமின் பிளாஸ்டிக் வாளி முந்தின நாள்தான் உடைந்திருந்தது. அந்த ஏழு இடத்திலும் சமையற்காரரின் ஜி.ஐ. வாளியில் சலித்திருந்தோம். ஜி.ஐ. என்றால் இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. நான் கண்டுபிடித்தது அந்தப் பூச்சைத்தான்.

அக்கா மகள் அடுத்த மாதம் ராஜஸ்தானில் பில்வாரா பக்கம் ஒரு துளையிடும் முகாமில் முதல் வேலைக்குச் சேர்கிறாள். "மாமா, காலேஜ்ல எல்லாம் படிச்சாச்சு. ஆனா அங்க போய் காலைல எழுந்திரிச்சு முதல்ல என்ன பண்ணணும்?" என்று போனில் கேட்டாள். சேலத்திலிருந்து போய் அந்தப் பக்கம் இருபத்தாறு வருடம் சுத்தியலோடு திரிந்தவன் நான். போனில் சொல்லி முடியவில்லை, எழுதினேன். அதே வண்டியில் ஏறப்போகும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று இங்கே வைக்கிறேன். "கண்ணு" என்று வருமிடமெல்லாம் அவளைச் சொன்னது.

சுத்தியலுக்கு முன்னால்

முதல் இரண்டு வாரம் சுத்தியலைத் தொடாதே. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் 1:50,000 வரைபடங்கள் அவர்களுடைய பூகோஷ் தளத்திலேயே கிடைக்கின்றன. பழைய அறிக்கைகளையும் தேடு. நாற்பது வருடத்துக்கு முன் யாரோ போட்டு, ஒன்றும் இல்லை என்று மூடிவிட்ட துளையின் பதிவேடுதான் பல சமயம் உன் வேலையில் பாதி.

அந்த மாநிலத்தின் மூன்று பெரிய இடங்களை மனதில் பதித்துக்கொள். உதய்ப்பூருக்குத் தெற்கே ஜாவர். அங்கே தாது, சுண்ணாம்புக்கல்லுக்குச் சொந்தமான டோலமைட் பாறையில் இருக்கிறது. ராஜ்சமந்த் மாவட்டத்தில் ராஜ்புரா–தரீபா. அங்கே டோலமைட்டும், கிராஃபைட் கலந்து தகடு தகடாகப் பிரியும் சிஸ்ட் பாறையும் பக்கத்தில் பக்கத்தில். பில்வாரா மாவட்டத்தில் ராம்புரா ஆகூச்சா. அங்கே கிராஃபைட்டும் மைக்காவும் சில்லிமனைட்டும் கலந்த, பட்டை பட்டையான நைஸ் பாறை. மூன்றும் வேறு வேறு பாறை போலத் தெரியும். ஆனால் மூன்றுமே ஒரு காலத்தில் நீரடியில் படிந்த வண்டலும் சுண்ணமும்தான், பிறகு பூமிக்குள் வெந்தவை. கரிச்சேறு வெந்து கிராஃபைட் ஆனது. ஆகவே வரைபடத்தில் டோலமைட்டும் கருப்பு சிஸ்டும் உரசிக்கொண்டு ஓடும் கோடுகளைப் பென்சிலால் தடித்து வை. நடக்கப்போவது அந்தக் கோட்டில்தான்.

நம்ம ஊரில் இல்லையா என்று கேட்பாய். பழைய தென்னாற்காட்டு மாமண்டூரில் ஈயமும் துத்தநாகமும் செம்பும் சேர்ந்து கிடப்பது தெரிந்த சேதி. ஆனால் ஜாவரோடும் ஆகூச்சாவோடும் ஒப்பிடுகிற பேச்சு இல்லை அது.

அடுத்தது, பழைய ஆட்கள். ஜாவரில் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழைய சுரங்கங்கள் இருக்கின்றன. துத்தநாகத்தை ஆவியாக்கி, அதைக் கீழே குளிரவைத்து உலோகமாகப் பிடிக்கும் வித்தையைப் பல நூற்றாண்டுக்கு முன்பே பெரிய அளவில் செய்தவர்கள் அவர்கள். கத்தரிக்காய் வடிவத்தில் களிமண் குடுவைகள், ஓர் உலைக்கு முப்பத்தாறு. வேலை முடிந்த குடுவைகளை அடுக்கிச் சுவர் கட்டியிருப்பதை ஜாவரில் நீயே பார்க்கலாம். நான் முதல்முறை போனபோது அப்படி ஒரு சுவரில் சாய்ந்துகொண்டுதான் சாப்பிட்டேன். எழுந்த பிறகு இன்னொருவர் சொல்லித்தான் எதில் சாய்ந்திருந்தேன் என்று தெரிந்தது.

ஆகூச்சாவிலும் பழைய கசடு மேடுகள் இருந்தன. அப்படியிருந்தும் அங்கே இவ்வளவு பெரிய துத்தநாகத் தாது இருப்பதை மாநிலச் சுரங்க நிலவியல் துறை அடையாளம் கண்டது 1977 ஆகஸ்டில்தான். 1991இல் சுரங்கம் வேலைக்கு வந்தது. உலகத்தின் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று இன்று அது. ஆகவே கிராமத்துக்குப் போனதும் டீக்கடையில் உட்கார்ந்து கேள்: கருப்பாகக் கண்ணாடி மாதிரி உருகின கல் எங்கே கிடக்கிறது, தூர்ந்துபோன பழைய குழி எங்கே, எந்த மேட்டில் புல் சரியாக முளைப்பதில்லை. மேவாரில் மரியாதைக்கு "ஹுகம்" என்பார்கள். பெரியவர்களிடம் நீயும் அந்தச் சொல்லைப் போட்டுப் பேசு, பேச்சு நீளும். காட்டுகிற குழிக்குள் மட்டும் தனியாக இறங்காதே. பழைய சுரங்கத்தில் காற்று கெட்டிருக்கும், உள்ளே போன பிறகுதான் அது தெரியும்.

சட்டம் ஒரு வரியில்: உன் நிறுவனத்தின் கையில் அந்த நிலத்தின் ஆய்வு அனுமதி இருக்கிறதா, வனத்துறை எல்லை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு மாதிரிகூட எடுக்காதே.

காஸன் என்கிற துருப்பிடித்த தொப்பி

கந்தகத்தோடு சேர்ந்த சல்பைடுத் தாது மேலே வந்து காற்றும் மழையும் பட்டால் துருப்பிடிக்கும். அந்தத் துருதான் காஸன். காவி, செங்கல், கருஞ்சிவப்பு என்று நிறம் கலந்து, உள்ளே தேன்கூடு மாதிரி அறை அறையாக ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைகள் கரைந்துபோன கனிமங்கள் இருந்த இடம். சாதாரணச் செம்புரைக்கல்லிலும் ஓட்டை உண்டு, ஆனால் அது உருண்டை. காஸனின் ஓட்டைக்கு மூலையும் சுவரும் இருக்கும். பத்து கல் உடைத்து லென்ஸில் பார்த்தால் கண் பழகிவிடும்.

துத்தநாகக்காரர்கள் மட்டும் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். துத்தநாகம் ஓடுகாலி. மழைத் தண்ணீரில் கரைந்து மேல் துருவை விட்டுப் போய்விடும். ஈயம் கரையாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆகவே காஸனில் துத்தநாகம் குறைவாக வந்தால் மனம் தளராதே, அதே மாதிரியில் ஈயத்தைப் பார், வெள்ளியைப் பார், ஆர்சனிக், ஆன்டிமனி, பேரியத்தைப் பார். கூட்டாளிகள் எல்லாரும் உட்கார்ந்திருக்க இவன் மட்டும் இல்லையென்றால், இவன் கீழே இருக்கிறான் என்று நம்பலாம். என் வாளி விஷயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு: இவன் மட்டும் வந்திருந்தான், கூட்டாளி ஒருவரும் வரவில்லை. அந்த ஒன்றை வைத்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஓடிப்போன துத்தநாகம் சில சமயம் பக்கத்திலேயே கார்பனேட்டாகவோ சிலிகேட்டாகவோ வெள்ளையாய், சாம்பலாய் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதற்கு ஒரு மருந்து உண்டு. முகாம்களில் ஜிங்க் ஜாப் என்பார்கள். ஒரு பாட்டிலில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு 3% கரைசல். இன்னொன்றில் ஆக்ஸாலிக் அமிலம் 3%, அதோடு டைஎத்தில் அனிலின் அரை சதம். இரண்டையும் கல்லின் மேல்தான் சந்திக்கவிட வேண்டும். துத்தநாகம் இருந்தால் சில நொடியில் கல் ஆரஞ்சும் சிவப்புமாய்ப் பற்றிக்கொள்ளும். முதல்முறை பார்க்கும்போது வெற்றிலை போட்டுத் துப்பின மாதிரி இருக்கும். காற்றும் மழையும் படாத புது ஸ்ஃபேலரைட்டில் (துத்தநாகச் சல்பைடு) இது நன்றாக வேலை செய்யாது, வெளுத்துப்போன கல்லுக்குத்தான். கையுறை போடு, கண்ணில் படாமல் பார்த்துக்கொள், பாட்டில்களைச் சமையல் கூடாரத்துப் பக்கமே வைக்காதே.

தாதுக் கனிமம் ஸ்ஃபேலரைட்டைப் பற்றி நீ படித்திருப்பாய். படித்ததை மறந்துவிட்டுக் கல்லைப் பார். இரும்பு குறைவாக இருந்தால் தேன் நிறம், பனங்கற்கண்டு மாதிரி. இரும்பு ஏற ஏறப் பழுப்பு, பிறகு கருப்பு. பிசின் தடவின மினுமினுப்பு. கத்தியால் சுரண்டினால் கீறல் விழும். தூள் வெளிர் மஞ்சளாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்கும். கல் கருப்பாக இருந்தாலும் தூள் கருப்பாக வராது. அந்தத் தூளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு மூக்கைக் கொண்டுபோனால் அழுகின முட்டை நாற்றம். கிராஃபைட் சிஸ்டுக்குள் கருப்பு ஸ்ஃபேலரைட் இருந்தால் கண் ஏமாறும், மைக்கா என்று எழுதிவிட்டுப் போய்விடுவாய். நானும் எழுதியிருக்கிறேன். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் கத்தியும் அமிலமும். எக்ஸ் கதிர் பாய்ச்சி உலோகத்தை அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி இப்போது எல்லா முகாமிலும் இருக்கிறது, நல்ல கருவிதான், ஆனால் அது பார்ப்பது ஒரு காசு அளவு இடத்தை மட்டும். அந்த எண்ணை ஆய்வக எண் என்று யாரிடமும் சொல்லாதே.

மண்ணும் ஓடையும்

முறை எளிது. ஓடை மணலை 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் சலித்து, கீழே விழும் மாவை அனுப்பு. ஓடை மாதிரியில் எண் எங்கே ஏறுகிறதோ அதன் மேற்பகுதியில் மண் கட்டம் போடு. பாறைக் கோட்டுக்குக் குறுக்காக வரிசைகள், வரிசைக்கு வரிசை 100 அல்லது 200 மீட்டர், வரிசையில் 25 மீட்டருக்கு ஒரு குழி. மேல் மண்ணை விலக்கிவிட்டு அடியில் நிறம் மாறும் மண்ணை எடு.

எளிதல்லாதது சுத்தம். பூமியின் மேலோட்டில் சராசரியாகத் துத்தநாகம் பத்து லட்சத்தில் எழுபது பங்குதான். மனிதன் வாழ்கிற இடத்திலோ அது எங்கும் கொட்டிக் கிடக்கிறது. ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. பைப், தகரக் கூரை, முள்வேலி, மின்கோபுரம். பித்தளைச் சல்லடை: பித்தளை என்றாலே செம்பும் துத்தநாகமும், ஆகவே நைலான் வலையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ கேட்டு வாங்கு. ரப்பர் கையுறை, லாரி டயர் தூள் இரண்டிலும் துத்தநாக ஆக்சைடு உண்டு, சாலையோரத்து மண் வேண்டாம். கோதுமை வயலில் ஜிங்க் சல்பேட் போடுவார்கள், விவசாயியைக் கேட்காமல் வயலில் குழி தோண்டாதே. வெயிலுக்கு நீ பூசுகிற சன்ஸ்கிரீன், வேர்க்குருவுக்கு உன் அம்மா கட்டிக்கொடுக்கப்போகிற காலமைன் லோஷன் இரண்டும் அதே ஆள்தான். பூசு, ஆனால் கை கழுவிவிட்டு மாதிரியைத் தொடு. பிளாஸ்டிக் கரண்டி, துணிப்பை அல்லது கிராஃப்ட் காகித உறை, ஒவ்வொரு மாதிரிக்கும் பக்கத்தில் என்ன கண்டாய் என்று குறிப்பு. "வடக்கே 30 மீட்டரில் கம்பி வேலி" என்று நீ எழுதும் ஒரு வரி பிறகு யாரோ போடவிருந்த வீண் துளை ஒன்றை மிச்சம் பிடிக்கும்.

கருவிகள் காட்டாதது

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் புவி இயற்பியல் ஆட்கள் தனியாக வருவார்கள். நீ அவர்களிடம் சரியான கேள்வி கேட்டால் போதும்.

ஸ்ஃபேலரைட் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மண்ணுக்குள் மின்சாரம் விட்டுப் பார்க்கும் ஐ.பி. சர்வேயும் மின்காந்த சர்வேயும் காட்டுவது அதோடு இருக்கும் இரும்புச் சல்பைடுகளான பைரைட்டை, பைரோடைட்டை, ஈயச் சல்பைடான கலீனாவை. இவையெல்லாம் காட்டுவதைவிடப் பலமாகக் காட்டுவது கிராஃபைட். ராஜஸ்தானத்துத் தாதுவுக்கு அண்டை வீட்டுக்காரனே கிராஃபைட் சிஸ்டுதான் என்று முன்பே சொன்னேன். நான் இருந்த ஒரு முகாமில் வரைபடத்திலேயே மிகச் சிவப்பான இடத்தில் துளை போட்டோம். தொண்ணூறு மீட்டர் கிராஃபைட் வந்தது. கோர் (துளையிலிருந்து வரும் பாறைத் தண்டு) எடுத்த பையன்களெல்லாம் ரயில் என்ஜினில் கரி தள்ளினவர்கள் மாதிரி நின்றார்கள். துத்தநாகம் பேருக்குக்கூட இல்லை.

ஆகவே ஒரே கருவியை நம்பாதே. ஈர்ப்பு சர்வே கேள்: டோலமைட்டின் அடர்த்தி 2.85 பக்கம், ஸ்ஃபேலரைட் 4, கலீனா 7.5. கிராஃபைட் லேசு, அது ஈர்ப்பில் ஏமாற்ற முடியாது. பைரோடைட் இருந்தால் காந்த சர்வேயும் பேசும். மண்ணில் ஈயம், ஈர்ப்பில் கனம், ஐ.பி.யில் சிவப்பு மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே முதல் துளை. மேலே எந்தச் சுவடும் இல்லாமல் கீழே ஒளிந்திருப்பதும் உண்டு. தரீபா பட்டையில் சிந்தேசர் குர்த் அப்படிப்பட்டது, தாது மண்ணுக்கு மேல் தலைகாட்டவே இல்லை. அந்த மாதிரி இடத்தில் பாறைக் கோட்டின் நீட்சிதான் வழிகாட்டி.

துளை

இனி நிதானமாகப் படி கண்ணு, உன் நாட்கள் இங்கேதான் கழியப்போகின்றன.

முதலில் எந்தப் பக்கம் நின்று, எந்தப் பக்கம் சாய்த்துத் துளைப்பது? தாது ஒரு சாய்ந்த பலகை என்று வை. அது கிழக்கே 60 பாகை சாய்ந்து இறங்குகிறது. நீ கிழக்குப் பக்கம் நின்று, மேற்கே பார்த்து 50 பாகையில் துளைத்தால் பலகையை 70 பாகையில் குத்துவாய். நல்ல குத்து. சாய்வைத் தவறாகப் படித்து மேற்கே நின்று கிழக்கே துளைத்தால், பலகையோடு 10 பாகையில் உரசிக்கொண்டே போவாய். பெட்டி பெட்டியாகத் தாது வரும், முகாமில் லட்டு கொடுப்பார்கள். அப்படி வந்த 20 மீட்டரின் உண்மைத் தடிமன் 20 பெருக்கல் சைன் 10, அதாவது மூன்றரை மீட்டர். லட்டு செரிக்கும் முன் கணக்குப் போட்டுவிடு. துளைக்கு முன்பே குறுக்குவெட்டுப் படம் வரைந்து, தாது எந்த ஆழத்தில் வரும் என்று பென்சிலில் எழுதி டிரில்லரிடமும் காட்டு. "120 மீட்டருக்கு அப்புறம் ஜாக்கிரதை" என்று அவருக்குத் தெரிந்தால் அங்கே மெதுவாக ஓட்டுவார்.

வைரப் பல் வைத்த பிட், அதற்குப் பின்னால் கோர் பேரல், கம்பியில் இழுத்து உள்குழாயை மட்டும் மேலே கொண்டுவரும் வயர்லைன் முறை. மேலே இளகின பாறையில் ஹெச்க்யூ அளவில் தொடங்குவார்கள், கோர் 63.5 மில்லிமீட்டர். கெட்டிப் பாறைக்கு வந்ததும் என்க்யூ, 47.6 மில்லிமீட்டர். உள்குழாய் ஒருமுறை இறங்கி ஏறுகிற ஓட்டம் ஒரு ரன், பொதுவாக 3 மீட்டர்.

டிரில்லரோடு சண்டை போடாதே. அவருக்கு மீட்டர் கணக்கில் காசு, உனக்குக் கோர் முழுசாக வேண்டும், இந்த இழுபறி என்றைக்கும் தீராது. ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் துளையிடும் இயந்திரமான ரிக் பக்கம் போய் டீ வாங்கிக்கொண்டு கேள்: துளைக்குள் விட்ட தண்ணீர் எந்த ஆழத்தில் திரும்பி வராமல் போனது, என்ன நிறத்தில் வந்தது, துளைக்கிற குழாயான ராடு எங்கே சடாரென்று இறங்கினது. இந்த மூன்றும் கோரில் இருக்காது, அவர் மனதில்தான் இருக்கும். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னலைத் தலைக்கவசத்துக்குள் சுருட்டிக்கொண்டு போ. சுற்றுகிற ராடு துணியைப் பிடித்தால் விடாது.

கோர் வெளியே வருகிற நிமிடம் நீயோ உன் ஆளோ பக்கத்தில் இருக்க வேண்டும். பேரலைச் சுத்தியலால் தட்டி விழவைக்கும்போது துண்டுகள் தலைகீழாகப் புரளும். பெட்டியில் இடமிருந்து வலமாக, புத்தகத்தில் வரி படிக்கிற மாதிரி, மேல் துண்டு முதலில். உடைந்த முகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சேர்த்துப் பார். பொருந்தாத இடத்தில் ஏதோ காணாமல் போயிருக்கிறது. ரன் முடிவில் ஆழம் எழுதின மரக்கட்டை. இரவு ஷிஃப்டில் ஒருமுறை இரண்டு பெட்டி கீழே விழுந்து, பையன்கள் பயந்துபோய் நமக்குச் சொல்லாமல் அழகாக அடுக்கி வைத்துவிட்டார்கள். அவ்வளவு அழகாக இருந்ததால்தான் சந்தேகமே வந்தது: எந்த முறிவும் எந்த முறிவோடும் சேரவில்லை. பதினோரு மீட்டர் கோரை எறிந்தோம். திட்டவில்லை. திட்டினால் அடுத்தமுறை இன்னும் அழகாக அடுக்குவார்கள்.

3 மீட்டர் ஓடி 2.4 மீட்டர் கோர் வந்தால் மீட்பு 80%. மீதி 60 சென்டிமீட்டர் எது என்பதுதான் கேள்வி. பல சமயம் அது மெத்தென்ற கிராஃபைட்டோ நொறுங்கின தாதுவோதான், கெட்டிக் குவார்ட்ஸ் ஒருநாளும் காணாமல் போகாது. தாது மண்டலத்தில் மீட்பு குறைந்தால் ரன்னைப் பாதியாக்கச் சொல், தண்ணீரைக் குறைக்கச் சொல், தண்ணீரில் பாலிமர் கலக்கச் சொல். ராடுத் திருகுக்குப் பூசும் கிரீஸில் துத்தநாகத் தூளோ செம்புத் தூளோ கலந்த வகைகள் உண்டு. டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படி. மறுபடியும் வாளிக் கதைதான்.

துளை நேராகப் போகும் என்று நினைக்காதே. அடுக்குப் பாறையில் பிட் மெல்லத் திரும்பி அடுக்குக்குச் செங்குத்தாகப் போகப் பார்க்கும். 30 மீட்டருக்கு ஒருமுறை சாய்வும் திசையும் அளக்கச் சொல். காந்த ஊசியில் அளக்கும் கருவி பைரோடைட் பக்கம் பொய் சொல்லும், அங்கே காந்தத்தை நம்பாத ஜைரோ கருவிதான்.

பெட்டியிலிருந்து எண்ணுக்கு

கோரைக் கழுவி, ஈரத்தோடு ஒரு படம், காய்ந்த பிறகு ஒரு படம். பிறகு நிதானமாக உட்கார்ந்து பதிவு எழுது: பாறை, நிறம், அடுக்கின் கோணம், முறிவுகள், கனிமங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஸ்ஃபேலரைட்டின் பிசின் மினுக்கம் தெரிகிற மாதிரி ட்யூப்லைட்டில் தெரியாது. கையில் தூக்கிப் பார். என்க்யூ அளவில் ஒரு மீட்டர் டோலமைட் 5 கிலோ இருக்கும், நிறைந்த தாது 7 கிலோவைத் தொடும். கண்ணுக்கு முன்னால் கை சொல்லிவிடும்.

கண் மதிப்பில் எல்லாப் புதியவர்களும் தடுமாறுவார்கள். டோலமைட்டில் பத்தில் ஒரு பங்கு இடம் ஸ்ஃபேலரைட் என்று வை. அது கனமானதால் எடையில் 13 சதத்துக்கு மேல் போகும். அதில் துத்தநாகம் 60 சதத்துக்குக் கொஞ்சம் கூட, ஆக 8 சதத்துக்குச் சற்று மேல். அட்டை ஒன்றில் 2, 5, 10, 20 சதம் எப்படிப் புள்ளி விழும் என்று வரைந்து வைத்துக்கொண்டு ஒப்பிடு.

அறுப்பதற்கு முன், அடுக்குகளுக்குக் குறுக்காக, இரண்டு பாதியும் ஒரே மாதிரி வருகிறபடி பென்சில் கோடு போடு. வைரச் சக்கரத்தில் அறுத்து எப்போதும் ஒரே பக்கத்துப் பாதியைப் பைக்கு அனுப்பு, மறுபாதி பெட்டியிலேயே இருக்கட்டும். மாதிரி நீளம் சுமார் ஒரு மீட்டர், பாறை மாறுகிற இடத்தில் வெட்டிவிடு, தாதுவையும் வெறும் கல்லையும் ஒரே பையில் போடாதே. இருபது பைக்கு ஒன்றாக, துத்தநாகமே இல்லாத குவார்ட்ஸ், தரம் தெரிந்த நிறுவனத் தூள், ஒரே மாதிரியின் இரட்டை என்று இடையில் நுழைத்து வை. வெறும் குவார்ட்ஸை எங்கே வேண்டுமானாலும் போடாதே, மிக வளமான மாதிரிக்கு அடுத்த எண்ணில் போடு. ஆய்வகத்தின் அரைக்கிற இயந்திரம் சரியாகத் துடைக்கப்படுகிறதா என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். எனக்கு ஒருமுறை அந்த வெறும் கல்லிலேயே அரை சதம் துத்தநாகம் வந்தது. ஒரு தொகுதி முழுக்கத் திருப்பி அனுப்பினோம்.

எண்கள் வந்ததும் சராசரி போட அவசரப்படாதே. 1 மீட்டர் 4%, அரை மீட்டர் 12%, ஒன்றரை மீட்டர் 6% என்று மூன்று மாதிரி. கூட்டி மூன்றால் வகுத்தால் 7.33. அது தப்பு. நீளத்தால் பெருக்கு: 4, 6, 9, மொத்தம் 19. 3 மீட்டரால் வகுத்தால் 6.33. ஒரு முழு சதம் காற்றில் போச்சு பார். மாதிரியைத் தண்ணீரில் முக்கி அடர்த்தியும் எடு. கனத் தாதுவுக்கும் வெறும் கல்லுக்கும் ஒரே அடர்த்தி போட்டு டன் கணக்கு எழுதினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு துளை போதாது, அது உனக்கே தெரியும். அடுத்ததை அதே கோட்டில் தள்ளிப் போடுவதா, அதே குறுக்குவெட்டில் ஆழமாகப் போடுவதா என்று மாலையில் பெரியவர்கள் வாதாடுவார்கள். நீ வரைந்த குறுக்குவெட்டை நடுவில் வை. பேச்சு அதன் மேல் நடக்கட்டும்.

துளை முடிந்ததும் ஒரு வேலை பாக்கி. துளையின் வாய் இடியாமல் போட்ட கேசிங் குழாயின் வாயை மூடி, சிமென்ட் கட்டை போட்டு, துளை எண், ஆழம், சாய்வு, தேதி நான்கையும் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் எழுது. சேற்றுக் குழியை மண் போட்டு மூடு, இல்லாவிட்டால் ஆட்டுக்குட்டி விழும், அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். சிமென்ட் இறுகும்வரை பக்கத்தில் யாரையாவது உட்கார வை. ஆடுகளுக்கு ஈர சிமென்ட்டின் மேல் நடப்பதில் என்ன சுகமோ தெரியவில்லை. என்னுடைய துளைகளில் ஒன்றுக்கு இன்றுவரை எண் 14ஆ 17ஆ என்று யாருக்கும் நிச்சயமில்லை. கடைசி எழுத்தின் மேல் தெளிவாக ஒரு குளம்பு.